விண்ணிலிருந்து மின்சாரத்தை அளக்கலாமா?

ஒவ்வோர் இரவும் ஒன்றரை மணியை ஒட்டி, ஏறத்தாழ 824 கிலோமீற்றர் உயரத்தில் சுவோமி என்பிபி என்ற அமெரிக்கச் செய்மதி இலங்கையைப் படம்பிடித்தபடி கடந்துபோகிறது. 2011 ஒக்டோபரில் ஏவப்பட்டது அது. அதிலுள்ள ‘விர்ஸ்’ என்ற கருவிக்கு நிலவில்லாத இரவிலும் தெருவிளக்குகளின் வெளிச்சம் தெரியும். அந்தப் படத்தில் கண்டி நகரம் பளிச்சென்று நிற்கும். அங்கிருந்து தென்கிழக்கே மலையேறி கலஹா, தெல்தோட்டைப் பக்கம் வந்தால் வெளிச்சம் சட்டென்று மெலிந்துவிடும்.

இந்த வெளிச்சத்தை வைத்து மின்நுகர்வைக் கணிக்கலாம் என்ற எண்ணம் புதிதல்ல. 1970களில் அமெரிக்க இராணுவ வானிலைச் செய்மதிகள் நிலவொளியில் மேகங்களைப் பார்க்க முயன்றபோது, நகர விளக்குகளும் கூடவே பதிவாகின. 1997இல் ஆய்வாளர் கிறிஸ்தோபர் எல்விட்ஜும் அவருடைய குழுவினரும் 21 நாடுகளை எடுத்து, ஒளிரும் நிலப்பரப்புக்கும் மின்நுகர்வுக்கும் நெருங்கிய தொடர்பு இருப்பதைக் காட்டினார்கள்.

செய்முறை எளிது. மேகம் மறைத்த இரவுகளைக் கழித்துவிட்டு, நிலவொளியையும் நீக்கி, மிஞ்சிய படங்களின் சராசரியை எடுக்கிறார்கள். பிறகு ஒரு மாவட்டத்துக்குள் விழும் புள்ளிகளின் ஒளியைக் கூட்டுகிறார்கள். மின்சார சபை அங்கே விற்ற யூனிட்டுகளோடு அந்தக் கூட்டுத்தொகையைப் பொருத்தினால் ஒரு சமன்பாடு கிடைக்கும். மீட்டர்க் கணக்கு கிடைக்காத இடங்களுக்கு அதையே பயன்படுத்துவார்கள். நாடு, மாகாணம் என்ற அளவில் இது நன்றாகவே உதவுகிறது. பிரையன் மின் என்ற ஆய்வாளர் உலக வங்கியோடு சேர்ந்து இந்தியாவின் ஏறத்தாழ ஆறு இலட்சம் கிராமங்களின் இருபது ஆண்டு இரவொளியையும் திரட்டியிருக்கிறார்.

ஆனால் தேயிலைத் தோட்டப் பகுதிக்கு வரும்போது கணக்கு தடுமாறுகிறது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் தேயிலைப் பயிரைத் தொடங்கிய லூல்கந்துர தோட்டம் தெல்தோட்டைக்குப் பக்கத்து மலையில்தான் இருக்கிறது. இந்த மலைகளில் மின்சாரத்தை அதிகம் இழுப்பது ‘ஸ்டோர்’ எனப்படும் தேயிலைத் தொழிற்சாலை. பகலில் பறித்த கொழுந்தை இரவு முழுக்க வாட்டுவதற்குப் பெரிய விசிறிகள் ஓடும். அடுத்து கொழுந்தை உருட்டும் ரோலர்களின் முறை. அந்த மோட்டர்கள் வானத்துக்கு ஒளி அனுப்புவதில்லை. பக்கத்து லயங்களிலோ கூரைக்குக் கீழே எரியும் பல்புகள். செய்மதி கடக்கும் நேரத்தில் அவற்றையும் அணைத்துவிட்டு உறங்கியிருப்பார்கள்.

நேரமும் ஒரு சிக்கல். இலங்கையில் மின்தேவை உச்சத்துக்குப் போவது மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை. செய்மதி வரும்போது அது முடிந்து மூன்று மணி நேரம் ஆகியிருக்கும். 2022இல் நாடே இருட்டில் தவித்த மின்வெட்டுக் காலத்தில்கூட, மாலையில் போன கரண்ட் நள்ளிரவுக்குள் திரும்பியிருந்தால் படத்தில் அந்த வெட்டுக்குத் தடயமே இருக்காது. அதோடு விர்ஸ் பார்ப்பது 500 முதல் 900 நனோமீற்றர் வரையான ஒளியை மட்டும். மஞ்சள் சோடியம் விளக்கு நன்றாகத் தெரியும், வெள்ளை எல்ஈடியின் நீலப் பகுதி தெரியாது. தெருவிளக்குகளை எல்ஈடிக்கு மாற்றிய ஊர், உண்மையில் மிச்சப்படுத்தியதைவிடக் கூடுதலாக மிச்சப்படுத்தியதுபோல் தோன்றும்.

படத்தின் ஒரு புள்ளி தரையில் ஏறத்தாழ 742 மீற்றர் சதுரம், அதாவது 55 ஹெக்டேயர். கடைத்தெருவும் லயமும் தேயிலை மலையும் அதற்குள் ஒன்றாகக் கலந்துவிடும். பருவமழை மாதங்களில் இந்த மலைகளுக்கு மேல் மேகம் விலகும் இரவுகளும் குறைவு.

ஆகவே இருண்ட புள்ளியைப் பார்த்து ‘இங்கே மின்தேவை இல்லை’ என்று எந்தத் திட்டமும் முடிவெடுக்கக் கூடாது. தோட்டங்களின் தேவையை அளக்க மீட்டர்க் கணக்கே முதல் சான்று. செய்மதி அதற்குத் துணைச் சான்று மட்டுமே. நாசாவின் ‘வேர்ல்ட்வியூ’ தளத்தில் இந்த இரவுப் படங்களை யாரும் இலவசமாகப் பார்க்கலாம். மலையக மாணவர்கள் தங்கள் தோட்டத்தைத் தேடிப் பார்த்து, அங்குள்ள ஸ்டோரின் மின்பட்டியலோடு ஒப்பிட்டு எழுத வேண்டும். அந்தக் கணக்கைச் சரியாகப் போட அவர்களைவிடப் பொருத்தமானவர்கள் இல்லை.