தாளத்துக்குள் தாளம்: ஆஃப்ரோபீட் இசையின் கதையும் கணக்கும்

ஒரு மேசையின் முன் அமர்ந்துகொள்ளுங்கள். ஒன்று முதல் ஆறு வரை ஒரே சீராகத் திரும்பத் திரும்ப எண்ணுங்கள். ஒன்று, மூன்று, ஐந்து ஆகிய எண்கள் வரும்போது வலக்கையால் மேசையைத் தட்டுங்கள். ஒன்று, நான்கு ஆகிய எண்கள் வரும்போது இடக்கையால் தட்டுங்கள். முதலில் கைகள் தடுமாறும். பத்துப் பதினைந்து முறை முயன்றால் பழகிவிடும்.

பழகிய பின் ஒரு புதுமையைக் காண்பீர்கள். வலக்கை ஒரு சுற்றில் மூன்று தட்டுப் போடுகிறது. இடக்கை இரண்டு தட்டுப் போடுகிறது. காதில் விழுவதோ இவை இரண்டும் அல்லாத மூன்றாவது ஒரு தாளம்! அதை எந்தக் கையும் தனியாகப் போடவில்லை. இரண்டு கைகளுக்கும் இடையே அது தானாகப் பிறக்கிறது.

இப்படிப் பிறக்கும் தாளத்தையே அடித்தளமாகக் கொண்டு எழுந்த ஓர் இசைவகை உண்டு. மேற்கு ஆப்பிரிக்காவில் உள்ள நைஜீரியா நாட்டில் உருவான ஆஃப்ரோபீட் என்பதே அது. அதன் கணக்கையும், அதற்காக ஒரு குடும்பம் கொடுத்த விலையையும், இன்று உலகின் பல மூலைகளில் அது மறுபடி தழைப்பதையும் இக்கட்டுரையில் காண்போம்.

சுருதியும் தாளமும் ஒன்றே

முதலில் நம் மேசைச் சோதனையையே இன்னும் சற்று நீட்டிப் பார்ப்போம். இடக்கை விநாடிக்கு 2 தடவையும், வலக்கை விநாடிக்கு 3 தடவையும் தட்டுவதாகக் கொள்வோம். இந்த வேகத்தை 100 மடங்கு கூட்ட முடிந்தால் என்ன ஆகும்? விநாடிக்கு 200 அதிர்வும், 300 அதிர்வும் கிடைக்கும். விநாடிக்கு ஏறத்தாழ 20 அதிர்வுக்கு மேல் போனால் நம் காது அவற்றைத் தனித்தனித் தட்டுகளாகக் கேட்பதில்லை. தொடர்ந்த ஓர் ஒலியாகவே கேட்கிறது. எனவே நமக்குக் கேட்பவை இரண்டு சுரங்கள். அவற்றின் விகிதம் 2:3. ஸட்ஜத்துக்கும் பஞ்சமத்துக்கும் உள்ள விகிதம் இதுவே ஆகும்.

அதாவது, தாளம் என்பது மெல்ல நடக்கும் சுருதி. சுருதி என்பது விரைந்தோடும் தாளம். காதுக்கு இனிய அதே எளிய விகிதங்கள் கைக்கும் காலுக்கும் இனியவையாக இருப்பதில் வியப்பில்லை அல்லவா?

லாகோஸ் நகரில் பிறந்தது

ஃபெலா குட்டி 1938-ஆம் ஆண்டு அக்டோபர் 15-ஆம் நாள் நைஜீரியாவின் அபியோகுட்டா நகரில் பிறந்தார். தந்தை பள்ளித் தலைமையாசிரியர். நைஜீரிய ஆசிரியர் சங்கத்தின் முதல் தலைவர். தாய் ஃபுன்மிலாயோ, நியாயமற்ற வரியை எதிர்த்து 1940-களின் பிற்பகுதியில் அந்நகரப் பெண்களைத் திரட்டிப் போராடியவர். 1958-இல் ஃபெலா இலண்டன் சென்று டிரினிட்டி இசைக் கல்லூரியில் பயின்றார்.

தாயகம் திரும்பியவர் அக்காலத்தில் மேற்கு ஆப்பிரிக்காவில் பரவியிருந்த 'ஹைலைஃப்' என்னும் நடன இசையையும், அமெரிக்கக் கறுப்பின மக்களின் ஜாஸ் இசையையும் இணைக்க முயன்றார். 1964-இல் டோனி ஆலன் என்னும் இளைஞர் அவரது குழுவில் சேர்ந்தார். இவர் லாகோஸ் வானொலி நிலையம் ஒன்றில் தொழில்நுட்பப் பணியாளராக இருந்துகொண்டே, தம் 18-ஆம் வயதில் டிரம்ஸ் வாசிக்கக் கற்றவர். இவ்விருவரின் கூட்டுறவில், ஹைலைஃப், ஜாஸ், ஃபங்க், யொருபா மக்களின் மரபுத் தாளம் ஆகிய யாவும் கலந்து புதியதோர் இசை உருவாயிற்று. 1960-களின் இறுதியில் ஃபெலா அதற்கு ஆஃப்ரோபீட் எனப் பெயரிட்டார். 1969-இல் அமெரிக்கா சென்றபோது அங்கே நடந்துகொண்டிருந்த கறுப்பின உரிமைப் போராட்டத்தை நேரில் கண்டார். அதுமுதல் அவர் பாட்டில் அரசியலும் புகுந்தது.

பல்சக்கரங்கள் பொருந்துவதுபோல்

ஆஃப்ரோபீட் குழு சிறியதன்று. பத்துப் பதினைந்து பேராவது இருப்பார்கள். சுரைக்குடுக்கையின்மேல் மணி கோத்த வலையைப் போர்த்திய 'ஷெக்கரே', இரண்டு குச்சிகளை மோதும் ஓசை, காங்கா முரசுகள், டிரம்ஸ், இரண்டோ மூன்றோ கிட்டார், ஆர்கன், டிரம்பெட், சாக்ஸபோன், பின்பாட்டுக்காரர்கள் எனப் பட்டியல் நீளும்.

இவர்களுள் ஒவ்வொருவரும் வாசிப்பது மிகச் சிறிய துண்டு. கிட்டார்க்காரர் நான்கைந்து சுரங்களையே பத்து நிமிடம், பதினைந்து நிமிடம் மாற்றாமல் வாசிப்பார். தனியே கேட்டால் சலிப்புத் தட்டும். ஆனால் ஒருவர் விட்ட இடைவெளியில்தான் அடுத்தவரின் ஒலி விழும். கைக்கடிகாரத்தின் பல்சக்கரங்களை நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்றின் பள்ளத்தில் மற்றொன்றின் பல் பொருந்துவதால்தானே கடிகாரம் ஓடுகிறது!

வகுப்பில் அலைகளின் மேற்பொருந்துதலை நடத்தும்போது இதை நான் மாணவரைக் கொண்டே செய்துகாட்டுவதுண்டு. முதல் வரிசைக்கு ஒரு கைத்தட்டு முறை, இரண்டாம் வரிசைக்கு வேறொன்று, மூன்றாம் வரிசைக்கு இன்னொன்று. மூன்றும் சேர்ந்ததும் வகுப்பே சிரித்துவிடும். "இது யார் தட்டுவது, சார்?" என்று ஒரு மாணவர் கேட்டார். அதைவிட நல்ல கேள்வியை நான் எதிர்பார்க்க முடியாது.

டோனி ஆலனின் சிறப்பு, இந்த வேலையை ஒரே ஆளாகச் செய்ததுதான். இரண்டு கைகளும் இரண்டு கால்களும் நான்கு வெவ்வேறு மனிதர்களுக்கு உரியவைபோல் இயங்கும். அவர் இல்லாமல் ஆஃப்ரோபீட் இல்லை என்று ஃபெலாவே ஒப்புக்கொண்டிருக்கிறார்.

இதில் இயற்பியல் சிக்கல் ஒன்றும் உண்டு. நிமிடத்துக்கு 120 அடி என்ற வேகத்தில், ஓர் அடியை நான்காகப் பகுத்தால் ஒரு கூறு 0.125 விநாடி. காற்றில் ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்கிறது. மேடையில் 10 மீட்டர் தள்ளி நிற்பவரின் ஒலி நம்மை வந்தடைய ஏறத்தாழ 0.03 விநாடி ஆகிறது. இது ஒரு கூறில் கால் பங்கு! பல் பொருந்தவேண்டிய இசையில் இது பெரிய பிழை. தாளக் கருவியினர் நெருங்கி நின்றால் இத்தொல்லை குறையும்.

யூக்ளிடும் நியூட்ரானும்

மேற்கு ஆப்பிரிக்க இசையிலும், அதன் வழிவந்த அமெரிக்கக் கண்டத்து இசைகளிலும் பரவலாகக் கேட்கும் ஓர் அமைப்பு இது: எட்டுக் கூறுகளில் மூன்று தட்டு, 3+3+2 என்ற இடைவெளியில். ஏன் இப்படி? எட்டை மூன்றால் வகுத்தால் முழு எண் வராது. எனவே கூடியவரை சமமாகப் பகிர்ந்தால் 3, 3, 2 என்றுதான் வரும். முற்றிலும் சமமாக இருந்தால் காது தூங்கிவிடும். கடைசியில் உள்ள அந்தச் சிறு குறைதான் அடுத்த சுற்றுக்கு நம்மைப் பிடித்துத் தள்ளுகிறது.

கணினி அறிஞர் காட்ஃபிரீட் டூசான் 2005-இல் ஒரு விந்தையை எடுத்துக்காட்டினார். நியூட்ரான்களை உண்டாக்கும் துகள் முடுக்கிகளில், குறிப்பிட்ட எண்ணிக்கையுள்ள துடிப்புகளைக் காலக்கூறுகளில் கூடியவரை சமமாகப் பரப்பவேண்டிய தேவை எழுகிறது. அதற்கு வகுத்த முறை, இரண்டு எண்களின் மீப்பெரு பொதுக் காரணியைக் காணும் யூக்ளிடின் பழைய முறையின் அமைப்பையே கொண்டது. அதே முறையைத் தாளத்துக்குப் பயன்படுத்தினால், பல நாடுகளின் மரபுத் தாளங்கள் வரிசையாக வந்து நிற்கின்றன!

இன்னொன்றையும் கேளுங்கள். யொருபா, ஈவே மக்களின் இசையில் புகழ்பெற்ற மணித்தாளம் ஒன்று பன்னிரண்டு கூறுகளில் ஏழு தட்டுகளைக் கொண்டது. இடைவெளிகள் 2, 2, 1, 2, 2, 2, 1. நம் சங்கராபரணத்தின் ஏழு சுரங்களையும் பன்னிரண்டு சுரத்தானங்களில் வைத்து எண்ணிப் பாருங்கள். அதே 2, 2, 1, 2, 2, 2, 1! ஒன்றிலிருந்து மற்றொன்று வந்தது என்பது இதன் பொருள் அன்று. பன்னிரண்டு இடங்களில் ஏழு பேரை எவ்வாறு பரவலாக அமர்த்துவது என்ற ஒரே கேள்விக்கு, காலத்தில் ஒரு மக்களும் சுருதியில் இன்னொரு மக்களும் கண்ட ஒரே விடை அது.

உடல் ஏன் ஆடுகிறது என்பதையும் ஆராய்ந்திருக்கிறார்கள். 2014-இல் வெளியான ஓர் ஆய்வில், எதிர்பார்த்த இடத்தில் தட்டு விழாமை மிகக் குறைவாக இருந்தாலும், மிக அதிகமாக இருந்தாலும் ஆடும் விருப்பம் குறைந்தது. நடுத்தர அளவில் இருந்தபோதே மிகுந்தது. விடுபட்ட தட்டை நம் உடலே நிரப்ப முயல்கிறது எனலாம்.

பாட்டுக்குக் கொடுத்த விலை

இவ்வளவு இனிய தாளத்தின்மேல் ஃபெலா ஏற்றிய சொற்கள் கசப்பானவை. லஞ்சம், போலி ஆடம்பரம், இராணுவ ஆட்சியின் கொடுமை ஆகியவற்றைப் பாடினார். நூற்றுக்கணக்கான மொழிகள் வழங்கும் நாட்டில் எல்லாருக்கும் புரியவேண்டும் என்பதற்காக, தெருவில் வழங்கும் கலப்பு ஆங்கிலத்தில் பாடினார். ஒரு பாட்டு இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுவதையும் பிடித்துக்கொள்ளும். நிமிடத்துக்கு 33⅓ சுற்றுச் சுழலும் தட்டில் ஒரு பக்கம் இருபது நிமிடத்துக்குச் சற்று மேல் ஓடும். மூன்று நிமிடப் பாட்டைக் கேட்கும் வானொலிக்கு இது ஒத்துவரவில்லை. அவர் சுருக்க மறுத்துவிட்டார்.

சிந்திக்காமல் ஆணைக்குப் பணியும் படைவீரர்களை நடைப்பிணங்களுக்கு ஒப்பிட்ட 'ஸாம்பி' என்ற பாட்டு நாடெங்கும் பரவியது. 1977-ஆம் ஆண்டு பிப்ரவரி 18-ஆம் நாள் ஏறத்தாழ ஆயிரம் வீரர்கள் அவர் வீட்டைச் சூழ்ந்தனர். வீடு எரிந்தது, அங்கிருந்தோர் கொடுமையாகத் தாக்கப்பட்டனர். எழுபத்தாறு வயதான தாய் ஃபுன்மிலாயோ சன்னல் வழியே வீசி எறியப்பட்டார். அடுத்த ஆண்டு அவர் இறந்தார். விசாரணை நடத்திய அரசு, தீ வைத்தவன் யாரென்று தெரியாத ஒரு வீரன் என்று கூறி முடித்துக்கொண்டது. ஃபெலா அதையும் பாட்டாக்கினார். 1984-இல் அவர் மீண்டும் சிறைப்பட்டு 1986 வரை அங்கிருந்தார்.

அவர் குறையற்றவர் அல்லர். பெண்களைப்பற்றிய அவருடைய கருத்துகள் பலவற்றை இன்று யாரும் ஏற்கமாட்டார்கள். 1997 ஆகஸ்டு 2-இல் அவர் இறந்தபோது, எய்ட்ஸ் நோயே காரணம் என்று அவர் அண்ணன் ஒலிகோயே வெளிப்படையாக அறிவித்தார். மருத்துவரும் முன்னாள் சுகாதார அமைச்சருமான அவர், இந்நோயைப்பற்றிப் பேசவே அஞ்சிய காலத்தில் குடும்ப மானத்தைவிட உண்மையே பெரிதென்று கருதினார். அறிவியல் படிப்பவர்கள் மறக்கக்கூடாத செயல் இது.

மீண்டும் துளிர்த்தது

ஃபெலாவுடன் இவ்விசையும் மறைந்திருக்கலாம். இத்தனை பேரை ஒரு குழுவில் வைத்து ஊதியம் கொடுப்பது எளிதா? ஆயினும் மறையவில்லை. மகன் ஃபெமி தம் குழுவுடன் தொடர்ந்தார். இளைய மகன் சியூன், தந்தை இறந்தபோது பதினான்கு வயதுச் சிறுவன். 'ஈஜிப்ட் 80' என்ற தந்தையின் குழுவையே ஏற்று நடத்தினார். 2000-இல் லாகோஸில் 'நியூ ஆஃப்ரிக்கா ஷ்ரைன்' என்ற அரங்கு எழுந்தது.

கடல் கடந்தும் விதை விழுந்தது. 1998-இல் நியூயார்க்கின் புரூக்லின் பகுதியில் மார்ட்டின் பெர்னா என்னும் சாக்ஸபோன் கலைஞர் 'ஆன்டிபாலாஸ்' குழுவைத் தொடங்கினார். குண்டு துளைக்காதது என்னும் பொருள்தரும் ஸ்பானியச் சொல் அது. ஃபெலாவின் வாழ்க்கையைக் கூறும் இசைநாடகம் 2009-இல் பிராட்வே அரங்கில் ஏறியபோது இக்குழுவினரே வாசித்தனர். அந்நாடகம் 2010-இல் மூன்று டோனி விருதுகளைப் பெற்றது. அவற்றுள் ஒன்று ஒலி அமைப்புக்கு. சிலியில் 'நியூவென் ஆஃப்ரோபீட்', கனடாவில் 'சோல்ஜாஸ் ஆர்க்கெஸ்ட்ரா', இலண்டனில் 'கோகோரோகோ' எனக் குழுக்கள் பெருகின. இவ்விசையின் சாயல் மிகுந்த 'எஸ்ரா கலெக்டிவ்' என்ற இலண்டன் ஜாஸ் குழு 2023-இல் மெர்குரி பரிசு பெற்றது. 2020 ஏப்ரலில் பாரிஸில் மறையும்வரை டோனி ஆலனும் இளையவர்களுடன் வாசித்துவந்தார்.

இன்று வானொலியிலும் கைப்பேசியிலும் ஒலிக்கும் 'ஆஃப்ரோபீட்ஸ்' வேறு என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். பெயரில் ஓர் எழுத்துத்தான் கூடுதல். அது பெரும்பாலும் கணினியில் ஆக்கப்படும் குறும்பாட்டு வகை.

இனி ஒரு கேள்வி. தாளத்தின் கணக்கை எவரும் கற்கலாம். எட்டில் மூன்றை எந்த ஊரிலும் பகிரலாம். ஆனால் அந்தப் பாட்டைப் பாடியதற்காக வீடு எரியாத ஊரில் அது அதே பாட்டாகுமா? நல்ல குழுக்கள் இக்கேள்வியைத் தட்டிக்கழிக்கவில்லை. ஆன்டிபாலாஸ் நைஜீரியாவின் கோபத்தைக் கடன் வாங்கவில்லை; தம் அமெரிக்க நாட்டின் குறைகளையே எடுத்துப் பாடியது. சூத்திரத்தை மனப்பாடம் செய்வது வேறு, அதைக்கொண்டு தன் கணக்கைத் தானே போடுவது வேறு என்று மாணவர்களுக்கு நான் சொல்வதும் இதைத்தான்.

இனி அந்த மேசைக்கு மறுபடி வாருங்கள். ஒரு நண்பரையும் உடன் அழைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் மூன்று தட்டுங்கள். அவர் இரண்டு தட்டட்டும். இடையில் பிறக்கும் அந்தத் தாளம் உங்களுடையதும் அன்று, அவருடையதும் அன்று. ஒருவர் நிறுத்தினால் அது நின்றுவிடும்.