விரியாத உலோகம் என்னும் கட்டுக்கதை

விண்கலங்களில் செல்லும் ராடார் பெட்டிகளுக்கு “வெப்பத்தில் விரியாத அதிசய உலோகம்” ஒன்று பயன்படுகிறது என்று எங்கோ படித்த வாசகர் ஒருவர், அப்படி ஓர் உலோகம் மெய்யாகவே உண்டா, உண்டானால் நம் அடுக்களைப் பாத்திரங்களுக்கு அது ஏன் இன்னும் வந்து சேரவில்லை என்று கேட்டு எழுதியிருக்கிறார். கேள்வி நியாயமானது, அவர் படித்த செய்திதான் நியாயமானதன்று. அங்கே பிரயோகமாவது சிலிக்கனும் அலுமினியமும் சேர்ந்த ஒரு கலப்புலோகம். அது விரியத்தான் செய்கிறது. எவ்வளவு விரிய வேண்டும் என்று நாம் விதிக்கிறோமோ, ஏறக்குறைய அவ்வளவே விரிகிறது என்பதுதான் அதன் பெருமை. விளம்பரக்காரர்களுக்கு அந்தப் பெருமை போதவில்லை போலும்.

ஒரு மீட்டர் நீளமுள்ள கம்பி ஒரு டிகிரி சூட்டுக்கு எத்தனை மைக்ரான் நீளுகிறதோ, அந்த எண்ணை இங்கே விரிவெண் என்று வைத்துக்கொள்வோம். அலுமினியத்துக்கு அது 23; செம்புக்கு 17; மின்னணுச் சுற்றுகளைத் தாங்கும் அலுமினாப் பீங்கான் தகட்டுக்குச் சுமார் 7; சிலிக்கனுக்கோ 2.6 மட்டுமே. 5 சென்டிமீட்டர் நீளமுள்ள அலுமினாத் தகடொன்றை அலுமினியப் பெட்டியின் தரையில் பற்றாசு வைத்து ஒட்டி, இரண்டையும் 100 டிகிரி சூடேற்றினால், தரையானது தகட்டைக் காட்டிலும் 0.08 மில்லிமீட்டர் அதிகமாக நீள முயலும். பூமியை ஒன்றரை மணிக்கு ஒருமுறை சுற்றிவரும் செயற்கைக்கோள் ஒவ்வொரு சுற்றிலும் வெயிலுக்கும் நிழலுக்குமாகப் போய்வருகிறது. வெப்ப ஏற்றத்தாழ்வு அத்தனை கடுமையாக இல்லாவிட்டாலும், இந்த இழுபறி நாளுக்குப் பதினாறு தடவை, வருஷக்கணக்கில் நிகழுமானால், பற்றாசு களைத்து விரிசல் காணும். அல்லது பீங்கானே பிளந்துபோகும்.

நம்மூர்க் கல்யாணத் தரகர் இந்தச் சங்கடத்தை ஒரு நொடியில் விளங்கிக்கொள்வார். பீங்கான் தகட்டை மணப்பெண் என்றும் அடித்தரையை மாப்பிள்ளை என்றும் கொண்டால், விரிவெண் ஒத்துப்போவதுதான் ரஜ்ஜுப் பொருத்தம். அது தவறினால் அறுவது பற்றாசாகிய தாலிக்கயிறு. தகட்டின் மேலுள்ள மின்னணுச் சில்லில் பிறக்கும் வெப்பத்தை வாங்கி வெளியே கடத்தும் திறன் மாப்பிள்ளையின் சம்பாத்தியம். செம்பு பெருஞ்சம்பாத்தியக்காரர், வழக்கமான அலகில் 400. ஆனால் ரஜ்ஜு தட்டுகிறது. இரும்பும் நிக்கலும் கோபால்ட்டும் சேர்ந்த கோவாருக்கு விரிவெண் 6ஐ ஒட்டியது, பொருத்தம் பேஷ். சம்பாத்தியமோ 17, எடையோ கன சென்டிமீட்டருக்கு 8.4 கிராம், அதாவது சம்பாதிக்கவும் மாட்டார், அவரைச் சுமக்கவும் வேண்டும். விரியாமைக்குப் பேர்போன இன்வார், 1.2 என்ற விரிவெண்ணோடு வந்து, பெண் நீளும்போது தாம் நீளாமல் விறைத்து நின்று, அதே கயிற்றை மறுபுறத்திலிருந்து அறுப்பவர். இந்த நிலையில், எடையில் 70 சதவீதம் சிலிக்கனும் மீதி அலுமினியமுமாக, 7ஐச் சற்றே தாண்டிய விரிவெண், 120 என்ற கடத்துதிறன், கன சென்டிமீட்டருக்கு வெறும் 2.4 கிராம் எடை என்று ஒரு வரன் வந்து வாசலில் நின்றால் தரகர் விடுவாரா? முன்கோபம் உண்டா என்று மட்டும் விசாரிக்க வேண்டும். உண்டு, ஓங்கித் தட்டினால் உடைவார். பத்துப் பொருத்தத்தில் மீதியையும் எழுதக் கை துடிக்கிறது, ஆனால் ஆசிரியர் இடம் தரமாட்டார்.

இனி நான் சொல்ல விரும்பும் சங்கதிக்கு வருகிறேன். உருகிய நிலையில் சிலிக்கனும் அலுமினியமும் எந்த விகிதத்திலும் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. உறையும்போதோ ஏறக்குறைய முற்றிலும் பிரிந்து, புதிதாக எந்தச் சேர்மத்தையும் உண்டாக்காமல், தனித்தனிப் படிகங்களாகப் பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்துவிடுகின்றன. ஆகவே இது இரண்டு பதார்த்தங்கள் ஒன்றையொன்று ஊடுருவி நிற்கும் ஒரு கட்டடமேயன்றி, அணுவோடு அணு கரைந்த கலவை அன்று. கோவாரில் கடத்துதிறனைப் பாழாக்கும் அணுக்கலப்பு இங்கே மிகச் சொற்பமாக இருப்பதும் அதனாலேயே. அப்படியானால் அதன் விரிவெண் இரண்டின் சராசரியாகத்தானே இருக்க வேண்டும் என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். எடையில் சரிபாதியாகக் கலந்த உலோகத்தில், சிலிக்கன் இலேசானதாகையால், கன அளவில் அதன் பங்கு சுமார் 54 சதவீதம். அந்தப் பங்குப்படி 2.6க்கும் 23க்கும் சராசரி எடுத்தால் 12 வருகிறது. அளந்து பார்த்தால் கிடைப்பது 11. 70 சதவீத உலோகத்துக்கும் இதே கதைதான்: கணக்கில் 8, அளவையில் 7 சொச்சம். அந்த ஒன்று எங்கே போயிற்று?

அது சிலிக்கனின் பிடிவாதத்தில் போயிற்று. ஒவ்வோர் அணுவும் நான்கு திசைகளில் உறுதியான பந்தங்களால் பிணைக்கப்பட்ட சிலிக்கன், வளையாத உறுதியில் அலுமினியத்தைப் போல் இரண்டு மடங்குக்கு மேற்பட்டது. சூடேறும்போது அலுமினியம் தன் சுபாவப்படி நீளப் பார்க்கிறது. நாற்புறமும் சூழ்ந்து வலையாக நிற்கும் சிலிக்கன் அதைத் தடுக்கிறது. தடுக்கப்பட்ட அலுமினியம் அமுக்கத்துக்கு உட்பட, தடுத்த சிலிக்கனும் ஓரளவு இழுபட, இரண்டும் சமரசமாகி நிற்கும் இடம் சராசரியில் இல்லை, உறுதி மிக்கவன் பக்கம் சற்றுத் தள்ளி இருக்கிறது. வெளியிலிருந்து பார்க்கும் நமக்கு 11 என்ற சாந்தமான ஓர் எண் மட்டுமே தெரிகிறது. உள்ளே ஒவ்வொரு மைக்ரானிலும் நடக்கும் மல்லுக்கட்டு தெரிவதில்லை. சூடு மிகவும் ஏறினால், மென்மையான அலுமினியம் இந்த நெருக்கடி தாளாமல் நிரந்தரமாகவே கொஞ்சம் உருமாறிவிடுகிறது. அதன் பின் குளிர்ந்தால் பழைய அளவுக்குப் பிசகின்றித் திரும்பும் என்பதற்கில்லை. நுட்பமான பெட்டிகளைக் கடைசியாகச் செதுக்குவதற்கு முன், கட்டியைச் சூடாக்கிப் பதப்படுத்தி அதை ஸ்திரப்படுத்திக்கொள்வது இதற்காகத்தான். “விரியாத உலோகம்” என்ற செய்தியில் இதெல்லாம் எங்கே இருந்தது?

சரித்திரம் கேட்பவர்களுக்காக ஒரு சிறு பத்தி. இன்வாரைக் கண்டவர் கியோம், ஆண்டு 1896, அதையொட்டிய ஆராய்ச்சிக்காக 1920இல் நோபெல் பரிசு பெற்றார். உருகிய சிலிக்கன்-அலுமினியத்தில் சோடியம் உப்பைத் தூவினால் முரட்டுப் படிகங்கள் மெலிந்து உலோகம் உறுதி பெறுகிறது என்று அலாதார் பாட்ஸ் காட்டியது 1920ஐ ஒட்டிய காலம். 12 சதவீத அளவில் சிலிக்கன் சேர்ந்த பிஸ்டன்கள் அன்றுதொட்டு மோட்டார் எஞ்சின்களில் ஓடிக்கொண்டிருக்கின்றன; அவற்றின் விரிவெண் 20ஐ ஒட்டியது, ஆகவே நம் கதைக்கு அவை தூரத்து உறவு.

70 சதவீதச் சிலிக்கனைச் சாதாரண வார்ப்படத்தில் ஊற்றினால், மெள்ள உறையும் அந்தக் குழம்பில் சிலிக்கன் கண்ணுக்குத் தெரியும் பெருந்தகடுகளாக வளர்ந்து, கடைசல் உளி பட்ட மாத்திரத்தில் பொரிந்து உதிரும். வேல்ஸ் நாட்டு ஸ்வான்சியில் பேராசிரியர் சிங்கர் தொடங்கிவைத்து, அருகிலுள்ள நீத் நகரில் தொழிலாக வளர்ந்த தூவல் முறைதான் இதற்கு வழி காட்டியது. உருகிய குழம்பை நைட்ரஜன் வாயுவின் வேகத்தால் நுண்துளிகளாகச் சிதற அடித்து, அவை பாதி உறைந்தும் பாதி உறையாமலும் இருக்கும்போதே சுழலும் தட்டின்மேல் படியவிட்டுக் கட்டியாக எழுப்புகிறார்கள். பெருந்தகடாக வளர அவகாசமே இல்லாததால் சிலிக்கன் நுண்மணிகளாகவே தங்கிவிடுகிறது. எஞ்சும் நுண்துளைகளை உயர்ந்த வெப்பத்திலும் அழுத்தத்திலும் மூடியபின், அந்தக் கட்டியைச் செதுக்கலாம், நிக்கலும் தங்கமும் பூசலாம்.

அடுக்களைக்கு இது வராததன் காரணம் எளிது: பாத்திரம் யாரோடும் ஒட்டப்படாமல் தன்னிஷ்டமாக விரிகிறது, அதன் விரிவு யாருக்கும் இடைஞ்சல் இல்லை. ஒட்டவேண்டிய கட்டாயம் உள்ள இடங்களிலும், அதிகச் சிலிக்கனே சிறந்தது என்று எண்ணிவிடக் கூடாது. பீங்கானை நேராக ஒட்டுவதானால் 70 சதவீதம். ஆனால் அதில் திருகு மரை வெட்டினால் ஓரம் உதிரும் அபாயம் உண்டு. 50 சதவீதத்தில் விரிவெண் 11, கடத்துதிறன் 150ஐ எட்டும், உடையும் சுபாவமும் குறையும். செம்போடு இணைய வேண்டுமானால் 27 சதவீதமே போதும். அதன் விரிவெண் 17. மூடியை லேசரால் பற்றவைக்கும்போது சிலிக்கன் மிகுந்த விளிம்பு விரிசல் காண்கிறதென்று, ஒரே கட்டியில் அடிப்பாகத்துக்கு 50 சதவீதமும் விளிம்புக்கு 27 சதவீதமுமாகச் சிலிக்கனை வைத்துச் செய்யும் முறையும் இப்போது வந்திருக்கிறது. அடிப்பாகம் விரிவைக் கட்டுக்குள் வைக்கிறது, விளிம்பு பற்றவைப்பைத் தாங்குகிறது.