எந்த நாய் நம் வீட்டுக்கு ஒத்துவரும்?

பெரம்பலூர், அரியலூர்ச் சீமையில் நாய் வளர்ப்பது புதிது அல்ல. ஆட்டுப்பட்டிக்குக் காவலாக ஒன்று, மக்காச்சோளக் கொல்லைக்குள் காட்டுப்பன்றி நுழைந்தால் குரல் கொடுக்க ஒன்று என்று வேலையைப் பார்த்துத்தான் முன்பு நாய் வைத்திருந்தார்கள். இப்போது புதுநகர்களில் வீடு கட்டிக் குடியேறிய குடும்பங்கள் நாய் தேடுகின்றன. வீட்டு ஆண்கள் வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்க்க, பெரியவர்களும் பிள்ளைகளும் மட்டும் இருக்கும் வீடுகள் துணைக்கு ஒரு நாய் வேண்டும் என்கின்றன. கைப்பேசியில் ஒரு படத்தைப் பார்த்துவிட்டு, "இதே மாதிரி ஒண்ணு வாங்கித் தாங்கப்பா" என்று பிள்ளைகள் கேட்பதும் நடக்கிறது.

ஒருவருக்கு வெள்ளை நாய் பிடிக்கும், இன்னொருவருக்குப் புசுபுசுவென்று முடி இருக்க வேண்டும், மற்றொருவருக்கு ஆளுயரத்தில் நிற்க வேண்டும். இந்த விருப்பங்களில் தவறே இல்லை. பிடிக்காத நாயை யாரும் 12 வருடம் அன்பாக வளர்க்க முடியாது. ஆனால் எதை முதலில் பார்ப்பது என்று ஒரு வரிசை உண்டு. முதலில் நம் ஊர் வெயில். அடுத்து வீட்டின் இடமும் ஆட்களின் நேரமும். அதற்கு அடுத்து அக்கம்பக்கம். இந்த மூன்றிலும் தேறிய நாய்களுக்குள் மனதுக்குப் பிடித்ததைத் தேர்ந்தெடுக்கலாம். வரிசை தலைகீழானால் அதற்கான விலையை நாய்தான் கொடுக்கும்.

இனம் எவ்வளவு சொல்லும்?

"லேப்ரடார் சாது, ராட்வைலர் முரடு" என்று பலரும் பேசுகிறோம். இதை அமெரிக்க ஆய்வாளர்கள் பெரிய அளவில் சோதித்தார்கள். 18,000-க்கும் மேற்பட்ட நாய்களைப் பற்றி அவற்றை வளர்ப்பவர்களிடம் விவரம் கேட்டு, 2,000-க்கும் மேற்பட்ட நாய்களின் மரபணுவையும் படித்த அந்த ஆய்வு 2022-இல் 'சயின்ஸ்' இதழில் வெளியானது. ஒரு நாய்க்கும் இன்னொரு நாய்க்கும் குணத்தில் உள்ள வேறுபாட்டில் சுமார் 9 சதவீதத்தை மட்டுமே இனத்தைக் கொண்டு விளக்க முடிந்தது. மீதி அந்தத் தனி நாயின் பிறவி இயல்பு, வளர்ப்பு, அது கண்ட அனுபவம்.

இனம் உறுதியாகச் சொல்வது உடம்பைப் பற்றித்தான். எவ்வளவு உயரம் வளரும், முடி எப்படி, மூக்கு நீளமா குட்டையா, எந்த நோய் வர வாய்ப்பு அதிகம் என்பதெல்லாம் இனத்தை வைத்தே தெரியும். பல தலைமுறையாக ஒரு வேலைக்கென்று பழக்கிய இனங்களில் அந்த வேலையின் உந்துதலும் இருக்கும். வேட்டை நாய் வம்சத்துக் குட்டி, ஓடுவதைக் கண்டால் துரத்தும்.

ஒரு நாய் மனிதரோடு எப்படிப் பழகும் என்பதைப் பெரிதும் தீர்மானிப்பது அதன் குட்டிப் பருவம். பிறந்த 3 முதல் 14 வாரங்களுக்குள் குழந்தைகள், முதியவர்கள், வண்டிச் சத்தம், பிற விலங்குகள் எல்லாவற்றையும் பயமில்லாமல் பார்த்து வளர்ந்த குட்டி, வளர்ந்தபிறகும் நிதானமாக இருக்கும். அந்த வயதில் கூண்டுக்குள் அடைபட்டுக் கிடந்த குட்டி, எந்த உயர்ந்த இனமானாலும் புது ஆளைக் கண்டால் மிரளும். நாய் கடிப்பது பெரும்பாலும் இந்த மிரட்சியில்தான்.

முதலில் வெயிலைக் கேளுங்கள்

நமக்கு உடம்பெல்லாம் வியர்த்துச் சூடு தணிகிறது. நாய்க்கு அந்த வசதி இல்லை. நாக்கைத் தொங்கவிட்டு இரைத்து, மூச்சு வழியாகத்தான் அது சூட்டை வெளியேற்றுகிறது. மூக்கும் மூச்சுக்குழாயும் குறுகிப்போன பக், பிரெஞ்சு புல்டாக் போன்ற சப்பைமூக்கு இனங்களால் அதைக்கூட ஒழுங்காகச் செய்ய முடியாது. அவை குறட்டை விடுவதைப் பலர் ரசிக்கிறார்கள். உண்மையில் அது மூச்சுக்குத் திணறும் சத்தம்.

2003-இல் ஹட்ச் கைப்பேசி விளம்பரத்தில் ஒரு சிறுவனின் பின்னாலேயே ஓடிய பக் நாயை நாடே கொண்டாடியது. அதன்பின் வெயில் கொளுத்தும் ஊர்களிலெல்லாம் பக் குட்டிகள் வந்து சேர்ந்தன. ஒரு விளம்பரத்தின் ஆசைக்கு எத்தனையோ நாய்கள் ஆயுள் முழுக்க மூச்சு வாங்கின.

ஹஸ்கி, அலாஸ்கன் மாலமூட், செயின்ட் பெர்னார்ட் ஆகியவை பனிப்பிரதேச நாய்கள். அவற்றின் தோலுக்கு மேல் இரண்டு அடுக்கு முடி உண்டு. சித்திரை வெயிலில் பாறையும் சுண்ணாம்புக்கல் மண்ணும் அனல் கக்கும் நம் பகுதியில், நாள் முழுக்கக் குளிர்சாதன அறையில் வைத்தாலொழிய அவற்றுக்கு நிம்மதி கிடையாது. மின்சாரம் நின்றால் அதுவும் இல்லை. தமிழக அரசு 2024-இல் வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கை, நம் தட்பவெப்பத்துக்கு ஒவ்வாதவை என்று ஓர் இனப்பட்டியலையே தந்திருக்கிறது. மேலே சொன்ன ஐந்து இனங்களும் அதில் இருக்கின்றன. இவற்றை விரும்புகிறவர்கள் படத்தில் பார்த்து ரசிப்பதோடு நிறுத்திக்கொள்வதே அவற்றுக்குக் காட்டும் கருணை.

நம் மண்ணின் இனங்கள்

வெயில் என்று வந்துவிட்டால் தமிழ்நாட்டு இனங்களை அடித்துக்கொள்ள ஆளில்லை. குட்டை முடி, மெலிந்த உடல், நீண்ட மூக்கு என எல்லாம் இந்த வறண்ட நிலத்துக்கென்றே அமைந்தவை. விருதுநகர் மாவட்டத்து ராஜபாளையம் நாய் தூய வெள்ளை நிறமும் இளஞ்சிவப்பு மூக்கும் கொண்டது. சிப்பிப்பாறை ஒல்லியான, மின்னலாக ஓடும் வேட்டை நாய். கருப்பு உடலில் பழுப்புத் திட்டுகளோடு இருப்பது கன்னி. அதைக் கல்யாணச் சீராகப் பெண்ணோடு அனுப்பும் வழக்கம் இருந்தது என்று தென்மாவட்டங்களில் சொல்வார்கள். தேனி மாவட்டத்துக் கோம்பை, செம்பழுப்பு உடலும் கருமூஞ்சியும் கொண்ட கட்டுமஸ்தான காவல் நாய்.

2005 ஜனவரியில் இந்திய அஞ்சல் துறை நான்கு நாய் இனங்களுக்குத் தபால்தலை வெளியிட்டது. அதில் ராஜபாளையமும் ஒன்று. 2020-இல் தேசிய அளவில் முதன்முறையாக நாய் இனங்கள் முறைப்படி பதிவு செய்யப்பட்டபோது இடம்பெற்ற மூன்றில் ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் நம்முடையவை. மூன்றாவது கர்நாடகத்தின் முதோல். இந்திய நாய் இனங்கள் எப்படி அருகிப்போயின என்பதை எழுத்தாளர் சு. தியடோர் பாஸ்கரன் பல ஆண்டுகளாக எழுதிவருகிறார்.

ஆனால் பெருமைக்காக மட்டும் இவற்றை வாங்கக் கூடாது. ராஜபாளையத்தில் வெள்ளை நிறத்தோடு சேர்ந்து பிறவிச் செவிட்டுத்தன்மையும் சில குட்டிகளுக்கு வரும். வாங்கும் முன் குட்டியின் பின்னால், அது பார்க்காத இடத்திலிருந்து கைதட்டிப் பாருங்கள். இந்த இனத்தில் பல நாய்கள் வீட்டில் ஒருவருக்கு மட்டுமே முழுதாகக் கட்டுப்படும். புது ஆட்களை எளிதில் ஏற்காது. உறவினர்கள் வந்துபோய்க்கொண்டே இருக்கும் வீட்டுக்கு இது சிரமம்.

சிப்பிப்பாறைக்கும் கன்னிக்கும் தினமும் ஓட இடம் வேண்டும். மூன்று சென்ட் மனையில் சங்கிலியில் கட்டிப்போட்டால் அவை நொந்துபோகும். துரத்தும் குணமும் போகாது. பக்கத்து வீட்டு ஆட்டுக்குட்டியும் கோழியும் அவற்றின் கண்ணில் இரைதான். பெரம்பலூர் மாவட்டத்துக் காப்புக்காடுகளில் புள்ளிமான்கள் இருக்கின்றன. கோடையில் தண்ணீர் தேடி ஊருக்குள் வரும் மான்கள் நாய் கடித்துச் சாவது அடிக்கடி செய்தியாகிறது. மானோ முயலோ, நாயை ஏவி வேட்டையாடுவது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். காட்டோரக் கொட்டகையில் வேட்டை நாய் வளர்ப்பவர் நல்ல வேலி போட்டாக வேண்டும். இரவில் அவிழ்த்துவிட்டுத் தூங்கப்போவது கூடாது.

வெளிநாட்டு இனம்தான் வேண்டும் என்றால்

லேப்ரடார் பெரும்பாலும் குழந்தைகளோடு நன்றாகப் பழகும், சொன்னதைச் சீக்கிரம் கற்றுக்கொள்ளும். ஆனால் அதற்கு வயிறு நிறைந்ததே தெரியாது. லேப்ரடார்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்குப் பசி அடங்காமல் செய்யும் மரபணுக் குறை இருப்பதை 2016-இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். கேட்கும்போதெல்லாம் போட்டால் குண்டாகி, இடுப்பு மூட்டு தேய்ந்து, நடக்கவே கஷ்டப்படும். காலையும் மாலையும் நடத்திக் கூட்டிப்போக ஆள் இருக்கும் வீட்டுக்குத்தான் லேப்.

அல்சேஷன் என்று நாம் அழைக்கும் ஜெர்மன் ஷெப்பர்ட் அறிவாளி. அதற்குப் பயிற்சியும் வேலையும் கொடுக்காவிட்டால் அந்த அறிவே தொல்லையாகும். அடர்ந்த முடி என்பதால் கோடையில் நிழலும் மின்விசிறியும் கட்டாயம். டாஷ் என்று நாம் அழைக்கும் டாக்ஸ்ஹண்ட் சிறிய வீட்டுக்கு ஏற்றது. நீண்ட முதுகில் தண்டுவட வட்டு நழுவும் ஆபத்து உண்டு என்பதால், மாடிப்படியில் ஏறி இறங்க விடக் கூடாது. பாமரேனியன் என்று நம் ஊரில் விற்பது பெரும்பாலும் இந்தியன் ஸ்பிட்ஸ். சின்ன உடம்பு, பெரிய குரல். முதியவர்கள் இருக்கும் வீட்டுக்கு நல்ல துணை, தினமும் முடி சீவிவிட நேரம் இருந்தால்.

ராட்வைலர், பிட்புல் விஷயத்தில் குழப்பம் நிறைய. மத்திய அரசு 2024 மார்ச்சில் 23 இனங்களைத் தடுக்கச் சொல்லிக் கடிதம் அனுப்பியது. கர்நாடக உயர்நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2024 மே மாதம் சென்னையில் ஒரு பூங்காவில் 5 வயதுச் சிறுமியை இரண்டு ராட்வைலர்கள் கடித்துக் குதறியபின் தமிழக அரசும் ஒரு தடையை அறிவித்து உடனே திரும்பப் பெற்றது. சட்டம் எப்படி மாறினாலும், முதல்முறை நாய் வளர்க்கும் குடும்பம் இந்த இனங்களை நாடக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து. எல்லா நாயும் கடிக்கும். இவற்றின் தாடை வலுவில் ஒரு கடியே உயிருக்கு உலை வைத்துவிடலாம்.

தெருவில் பிறந்த குட்டி

இவ்வளவையும் கடந்து ஒரு வழி நம் வாசலிலேயே இருக்கிறது. இனப்பெயர் இல்லாத நாட்டு நாய். எந்த வளர்ப்பாளரும் தேர்ந்தெடுக்காமல் வெயிலும் பட்டினியும் நோயும் தேர்ந்தெடுத்து மிஞ்சிய உடம்பு அது. அளவான உயரம், குட்டை முடி, நீண்ட மூக்கு, வீட்டைக் காக்கும் விழிப்பு எல்லாம் அதற்கு இயல்பாகவே உண்டு. நெருங்கிய உறவுக்குள்ளேயே இணை சேர்ப்பதால் வரும் பரம்பரை நோய்களும் அதற்குக் குறைவு. எட்டு வாரம் தாண்டிய ஒரு தெருக்குட்டியை எடுத்து, தடுப்பூசி போட்டு, குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை சிகிச்சையும் செய்து வளர்த்தால், ஒரு வீட்டுக்குக் காவல் கிடைக்கும், தெருவில் ஒரு நாய் குறையும். பெரம்பலூர், அரியலூர்ப் பகுதியின் பெரும்பாலான வீடுகளுக்கு இதைவிடப் பொருத்தமான நாய் இல்லை என்று நம்புகிறேன்.

வாங்கும்போது, வளர்க்கும்போது

விற்பவரிடம் வாங்குவதானால் 2017-ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்கம் மற்றும் விற்பனை விதிகளை நினைவில் வையுங்கள். வளர்ப்பாளர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். எட்டு வாரத்துக்கு உட்பட்ட குட்டியை விற்கக் கூடாது. தாய் நாயைக் காட்ட மறுப்பவரிடம் வாங்கவே வாங்காதீர்கள். தாயின் உடம்பையும் குணத்தையும் பார்த்தாலே குட்டியைப் பற்றிப் பாதி தெரிந்துவிடும்.

பார்வோ உள்ளிட்ட நோய்களுக்கான தடுப்பூசியை ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, நான்கு மாத வயதுவரை இடைவெளி விட்டுப் போட வேண்டும். வெறிநோய்த் தடுப்பூசி மூன்று மாதத்தில் ஒன்று, பிறகு மருத்துவர் சொல்லும் கணக்கில் வருடாவருடம். நம் பகுதியில் உண்ணித் தொல்லை அதிகம். உண்ணி வழியாக வரும் ரத்தக் காய்ச்சல் எந்த இனத்தையும் விடாது. உள்ளூர் அரசு கால்நடை மருத்துவமனையை மீறிய சிகிச்சை தேவைப்பட்டால் ஒரத்தநாட்டிலும் நாமக்கல்லிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன.

சாப்பாட்டில் ஒரு எச்சரிக்கை நம் ஊருக்கென்றே சொல்ல வேண்டும். பெரம்பலூர் மாவட்டம் சின்ன வெங்காயத்துக்குப் பேர்போனது. வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். மிஞ்சிய சாம்பார் சாதத்தை நாய்க்கு வைக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். வேகவைத்த அரிசியோ கம்போ, அதோடு முட்டை அல்லது எலும்பு நீக்கிய கோழிக்கறி, மசாலா இல்லாமல் கொடுத்தால் போதும்.

சிறு குழந்தையையும் நாயையும் பெரியவர் இல்லாமல் தனியே விடக் கூடாது, எந்த இனமானாலும். நாய் உதட்டை நக்கினால், முகத்தைத் திருப்பினால், உடம்பை விறைத்தால் "என்னை விடு" என்று சொல்கிறது. அதைப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுங்கள். கடிபட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மந்திரம் எதுவும் வெறிநோயைத் தடுக்காது.

குட்டியைப் பார்க்கக் கிளம்பும் முன் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேசுங்கள். பகலில் அதோடு இருப்பது யார், நடத்திக் கூட்டிப்போவது யார், ஊருக்குப் போனால் பார்த்துக்கொள்வது யார், வாடகை வீடானால் வீட்டுக்காரர் சம்மதித்தாரா? பிள்ளைகள் இப்போது ஐந்தாம் வகுப்பு என்றால், நாய் கிழடாகும்போது அவர்கள் கல்லூரிக்கோ வேலைக்கோ போயிருப்பார்கள். அப்போதும் அதைப் பார்த்துக்கொள்ளப்போவது நீங்கள்தான். இத்தனைக்கும் பதில் இருக்கிறது என்றால் தாராளமாக வளருங்கள். பதில் இல்லை என்றால் இந்த வருடம் வேண்டாம் என்று தள்ளிப்போடுங்கள். ஆசையில் வாங்கி ஆறு மாதத்தில் நெடுஞ்சாலையோரம் இறக்கிவிடுவதைவிட அது எவ்வளவோ நல்லது.