விளையாடும் மாணவருக்குச் சம்பளம் கொடுக்கலாமா?

அமெரிக்காவில் கல்லூரி விளையாட்டு ஒரு பெரிய வியாபாரம். கூடைப்பந்தாட்டத்தின் மார்ச் மாதச் சுற்றுப்போட்டியை ஒளிபரப்ப மட்டும் 2010 இல் 14 ஆண்டுகளுக்கு 10.8 பில்லியன் டொலர் பேசப்பட்டது. பயிற்றுநர்களுக்கு மில்லியன் கணக்கில் சம்பளம். ஓடி வியர்த்த மாணவருக்குப் புலமைப்பரிசில் மட்டும். 2021 ஜூனில் அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகளும் ஒருமித்து, கல்வி சார்ந்த சலுகைகளுக்கு விளையாட்டுச் சங்கம் வரம்பு போட முடியாது என்றார்கள். அடுத்த மாதமே தங்கள் பெயரையும் படத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்து உழைக்க மாணவருக்கு வழி திறந்தது. 2025 ஜூலையிலிருந்து ஒரு பல்கலைக்கழகம் நேரடியாகவே பகிரலாம்; முதல் ஆண்டுக்கான வரம்பு ஏறத்தாழ 20.5 மில்லியன் டொலர்.

எங்கட பிள்ளைகளுக்கும் அப்படிக் கொடுத்தால் என்ன என்று கேட்கலாம். ஆனால் கணக்கு வேறு. அங்கே விளையாட்டுக்குக் கூலியாகக் கிடைத்த கட்டணமில்லாப் படிப்பு, இங்கே அரச பல்கலைக்கழகங்களில் விளையாடாதவருக்கும் உண்டு. பல்கலைக்கழகப் போட்டிகளில் பங்கிடுவதற்கு இலாபமும் இல்லை. காசு புரள்வது பாடசாலைகளின் பிக் மட்ச்களிலும் றக்பியிலும்தான்.

இலங்கையில் விளையாட்டுக்கான சம்பளம் வேலையின் வடிவத்தில் வருகிறது. தரைப்படை, கடற்படை, விமானப்படை, பொலிஸ்: தேசியப் போட்டி முடிவுகளைப் பாருங்கள், வீரர்களின் பெயருக்குப் பக்கத்தில் இவைதான் நிற்கும். மாதச் சம்பளம், சாப்பாடு, பயிற்சிக்கு நேரம் எல்லாம் அங்கே உண்டு. தெற்கில் ஒரு ஏழை வீட்டுப் பிள்ளைக்கு அது நல்ல வழி. முள்ளிவாய்க்காலில் தகப்பனை இழந்த பிள்ளையிடம் போய் அந்தக் கதவைத் தட்டு என்று யார் சொல்வது?

மற்ற வழி வங்கிகளும் கம்பனிகளும். யாழ்ப்பாணத்துத் தர்ஜினி சிவலிங்கம் செலான் வங்கிக்கு வலைப்பந்தாட்டம் ஆடியவர். 2019 லிவர்பூல் உலகக் கிண்ணத்தில் அதிக கோல்கள் போட்டவரும் அவரே. ஆனால் எல்லோருக்கும் ஆறடி பத்து அங்குல உயரம் வாய்க்காது.

கிருலப்பனையில் எங்கள் மேல்மாடி அறையில் கிளிநொச்சிப் பையன் ஒருவர் வாடகைக்கு இருக்கிறார். பல்கலைக்கழக மாணவர், உதைபந்தாட்டக்காரர். பின்னேரம் பயிற்சி, இரவில் ஒரு கடையில் பெட்டி அடுக்கும் வேலை, காலையில் 138 பஸ்ஸில் நித்திரை. மகாபொல உதவித்தொகை 2025 வரவுசெலவுத் திட்டத்தில் 5,000 ரூபாவிலிருந்து 7,500 ஆனது. அது வறுமையையும் பெறுபேற்றையும் பார்க்கும், காலைப் பார்க்காது. (மகாபொலவைத் தொடங்கிய லலித் அத்துலத்முதலி 1993 ஏப்ரலில் சுடப்பட்டது இதே கிருலப்பனையில்தான். எங்கள் சனம் அவரை நினைப்பது மகாபொலவுக்காக அல்ல, அவர் தேசிய பாதுகாப்பு அமைச்சராக இருந்த காலத்துக்காக.)

என் பார்வையில் அமெரிக்காவை விட இந்தியாதான் எங்களுக்குக் கிட்டிய உதாரணம். அங்கே 'கேலோ இந்தியா' திட்டத்தில் தெரிவாகும் இளம் வீரர்களுக்குக் கைச்செலவுக்கு மாதம் 10,000 இந்திய ரூபா கிடைக்கிறது. சம்பளம் என்று சொல்லமாட்டார்கள். ஆனால் ஒரு பிள்ளை இரவு வேலையை விட்டுவிட்டு நித்திரை கொள்ள அது போதும்.

புலம்பெயர்ந்த பழைய மாணவர் சங்கங்கள் அரங்கும் மதிலும் கட்டித் தருகின்றன. நல்லது. அந்தக் காசில் ஒரு பகுதியை எடுத்து, பாடசாலை முடித்துப் பல்கலைக்கழகம் போகும் பத்துப் பேருக்கு மாதாமாதம் வங்கிக் கணக்கில் போடலாம். மூன்று ஆண்டுக்காவது போட வேண்டும். முழங்கால் அடிபட்டு ஆடாமல் இருக்கும் மாதங்களிலும் அது நிற்கக்கூடாது.