நாலாம் நாள் அசதி

கோட்டக்குப்பத்திலிருந்து கோரிமேடு ஜிப்மருக்குக் கீமோ ஏற்றிக்கொள்ளப் போகும் பெண்களிடம் உட்கார்ந்து பேசினால், முடி கொட்டியதைவிட, வாந்தியைவிட அசதியைப் பற்றித்தான் நிறையச் சொல்வார்கள். "அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு. தூங்கி எழுந்தாலும் போகலை." அதே பெண் ஓ.பி.யில் மருத்துவர் கேட்டதும் "நல்லாயிருக்கேன் டாக்டர்" என்று முடித்துக்கொள்கிறார். பின்னால் அத்தனை பேர் காத்திருக்கிறார்கள். அசதியையெல்லாம் ஒரு நோய் என்று சொல்வதா என்ற தயக்கம். மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சையில் இந்தத் தயக்கம் செய்யும் கெடுதல் கொஞ்சமல்ல.

வேலை செய்து வந்த களைப்பு தூங்கினால் தீரும். இந்த அசதி தீராது. ரத்தம் குறைவது, தூக்கம் கெடுவது, சாப்பாடு சுருங்குவது, மருந்து உடலில் கிளப்பும் அழற்சி என்று பல காரணங்கள் இதில் சேர்ந்திருக்கின்றன. 21 நாளுக்கு ஒருமுறை சிவப்பு நிறக் கீமோ மருந்து ஏற்றுகிறவர்களில் பலருக்கு இது ஒரு கணக்கோடு வரும். ஏற்றிய அன்றும் மறுநாளும் சுறுசுறுப்பாகவே இருப்பார்கள்; ராத்திரித் தூக்கம்தான் வராது. வாந்தி வராமலிருக்கக் கொடுக்கும் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டின் வேலை அது. அந்த மாத்திரை நின்றதும், மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, உடம்பும் மனசும் ஒன்றாகச் சரியும். காரணமில்லாமல் அழுகை வரும். பிள்ளை ஏதாவது கேட்டால் எரிந்து விழத் தோன்றும். "நேத்து நல்லாத்தானே இருந்தே?" என்பார்கள் வீட்டில். நோய்தான் முற்றிவிட்டதோ என்று அவரே பயந்துபோவார். காலண்டரில் குறித்து வந்தால் இரண்டாம் சுற்றிலேயே இந்த ஒழுங்கு தெரிந்துவிடும். அந்த நாலைந்து நாளுக்கு அடுப்படியை வேறொருவர் பார்த்துக்கொள்ள ஏற்பாடு செய்யலாம். 'கரண்டு வைக்கிறது' என்று நம் ஊரில் சொல்லும் ரேடியேஷனில் கதை வேறு: அசதி வாரம் வாரமாக ஏறி, சிகிச்சை முடிந்தபின் மெல்ல இறங்கும்.

முஸ்லிம் குடும்பங்கள் நிறைந்த இந்த ஊரில் ரமலான் மாதத்தில் இன்னொரு பாரமும் சேர்ந்துகொள்கிறது. சின்ன வயதிலிருந்து நோன்பு விடாதவர், விடியலுக்கு முன் சஹர் உணவுக்கு வீடே எழுந்து நடமாடும்போது படுக்கையில் கிடக்கிறார். நோயைவிட அந்தக் குற்ற உணர்வுதான் அவரை உருக்குகிறது. யாரிடமும் சொல்லாமல் நோன்பு பிடித்து, நீர் வற்றி மயங்கி விழும் ஆபத்தும் உண்டு. குர்ஆனில் நோன்பைக் கடமையாக்கும் இடத்திலேயே நோயாளிக்கு விலக்கும் சொல்லப்பட்டிருக்கிறது. குணமானபின் வேறு நாட்களில் களா செய்யலாம், அதாவது விட்ட நோன்பை ஈடுசெய்யலாம். அதற்கும் வழியில்லாதவர் நோன்புக்கு ஈடாக ஏழைக்கு உணவளிக்கும் ஃபித்யா கொடுக்கலாம். அவருக்கும் இது தெரியும். ஆனாலும் வீட்டுப் பெரியவர் ஒருவர் பக்கத்தில் வந்து, "இந்த வருஷம் வேணாம்மா, இது அல்லாஹ் உனக்குக் கொடுத்த சலுகை" என்று வாய்விட்டுச் சொல்வது பெரிய ஆறுதல். அவர் கேட்கட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

"ரெஸ்ட் எடு" என்பதுதான் எல்லோரும் தரும் அறிவுரை. ஆனால் கட்டிலிலேயே கிடந்தால் தசை இளைத்து அசதி கூடும். 1989இல் அமெரிக்காவில் மெக்விகர், வின்னிங்ஹாம் என்ற செவிலியர் ஆய்வாளர்கள், கீமோ எடுத்துக்கொண்டிருந்த மார்பகப் புற்றுநோயாளிகள் 45 பேரை வைத்து செய்த ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வாரம் மூன்று முறை, பத்து வாரம் சைக்கிள் பயிற்சி செய்தவர்களுக்கு உடல்திறன் கூடியது. 2017இல் 113 ஆய்வுகளை, 11,525 பேரின் விவரங்களை, சேர்த்துப் பார்த்தபோது, இந்த அசதிக்கு மருந்துகளைவிட உடற்பயிற்சியும் மனநல ஆலோசனையும் நன்றாகக் கேட்பது தெரிந்தது.

கோட்டக்குப்பத்தில் எங்கே நடப்பது? ஈ.சி.ஆரில் வண்டிகள் பறக்கின்றன. தெருவில் இறங்கினால் வாசலுக்கு வாசல் விசாரணை. மொட்டை மாடி போதும். அஸர் தொழுதபின் வெயில் தணிந்ததும் பத்து நிமிடம் நடக்கலாம். முடிந்தால் அடுத்த வாரம் கொஞ்சம் கூட்டலாம். அதற்கு முன் ஹீமோகுளோபினும் தைராய்டும் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது. கீமோ நாட்களில் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் நடையெல்லாம் வேண்டாம், உடனே ஆஸ்பத்திரி.

மனச்சோர்வுக்கு வருகிறேன். "தைரியமா இரு" என்று அன்பாகத்தான் சொல்கிறோம். ஆனால் அதற்குப் பிறகு அவர் எதையும் நம்மிடம் சொல்ல மாட்டார். நாலாம் நாள் அழுகை சில நாட்களில் விலகும். இரண்டு வாரமாகியும் எதிலும் பிடிப்பில்லை, பேரப்பிள்ளை வந்தாலும் முகம் மலரவில்லை என்றால் அது சிகிச்சை வேண்டிய மனச்சோர்வாக இருக்கலாம். மனநல மருத்துவரைப் பார்க்கும்போது புற்றுநோய் ஃபைலையும் கையோடு எடுத்துப் போக வேண்டும். மார்பகப் புற்றுநோய்க்கான தமாக்ஸிஃபென் மாத்திரை சாப்பிடுகிறவருக்குப் பராக்ஸெடின், ஃப்ளூவாக்ஸெடின் போன்ற மாத்திரைகள் ஒத்துவராது. தமாக்ஸிஃபென் உடலில் முழு வீரியம் பெறுவதை அவை தடுக்கும். ஒத்துப்போகும் வேறு மாத்திரைகள் இருக்கின்றன. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தாலோ ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவி எண்ணில் இரவிலும் தமிழில் பேசலாம்.

அடுத்த முறை ஓ.பி.க்குப் போகுமுன் ஃபைலின் மேல் ஒரு தாள் வையுங்கள். அசதிக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண், எந்த நாட்களில் அதிகம், எத்தனை மணி நேரத் தூக்கம், எந்த வேலையைச் செய்ய முடியவில்லை என்று எழுதியிருந்தால் போதும். பேச வாய் வராதவர் அந்தத் தாளை நீட்டலாம். கூடப் போகும் மகனோ மகளோ, அம்மா "நல்லாயிருக்கேன்" என்று எழுந்திருக்கும் முன் அதை மருத்துவர் மேசைமேல் வைத்துவிடலாம்.

(தொடரும்)