வயிற்றுப்போக்கு வந்த தெரு என்ன செய்ய வேண்டும்?

ஒரு தெருவில் வயிற்றுப்போக்கு பரவினால் முதல் இரண்டு மூன்று நாள் அது தெருவின் நோயாகத் தெரிவதே இல்லை. ஒரு வீட்டில் முந்தின இரவு பார்சல் வாங்கிவந்த பரோட்டா மேல் பழி விழும். எதிர்வீட்டில் பிறந்தநாள் கேக் மேல் விழும். மூலைவீட்டுப் பாட்டிக்கு "வயசாயிடுச்சு, செரிக்கலை" என்று முடிந்துவிடும். ஆளுக்கொரு கிளினிக், ஆளுக்கொரு ஊசி, முடியாதவர்களுக்கு ஒரு குளுக்கோஸ் பாட்டில். இத்தனை வீடுகளும் ஒரே குழாயில்தான் தண்ணீர் பிடிக்கின்றன என்று யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை. பார்க்கிற நேரத்தில் குழாயில் நல்ல தண்ணீர் திரும்பியிருக்கும். கெட்ட தண்ணீர் வந்ததற்கு அடையாளமே இருக்காது.

2024 டிசம்பர் முதல் வாரத்தில் சென்னையை அடுத்த பல்லாவரம் பகுதியில் பலர் வாந்தி, வயிற்றுப்போக்குடன் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். உயிரிழப்பும் நேர்ந்தது. குழாயில் கழிவுநீர் கலந்து வந்ததுதான் காரணம் என்றார்கள் மக்கள். அதை உறுதியாகச் சொல்ல முடியாது என்றது அரசுத் தரப்பு. எந்த ஊரில் நடந்தாலும் இந்த வாதம் எழும். நோய் தொடங்கிய முதல் நாளின் தண்ணீரை யாராவது முறைப்படி எடுத்து வைத்திருந்தால்தான் அதற்கு விடை கிடைக்கும். பாதுகாப்பான குடிநீர் நம் உரிமை என்று மேடையில் சொல்வது எளிது. அந்த உரிமையைக் கேட்டுப் பெற ஒரு தெருவுக்குத் தேவைப்படுபவை தண்ணீர் மாதிரியும், பாதிக்கப்பட்டவர்களின் பட்டியலும், எழுதிக் கொடுத்த மனுவும்தான்.

கழிவுநீர் எப்படிக் குடிநீருக்குள் வருகிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். நம் ஊர்களில் பெரும்பாலும் குழாயில் நாள் முழுக்கத் தண்ணீர் ஓடுவதில்லை. காலையில் ஒரு மணி நேரம், சில இடங்களில் இரண்டு நாளுக்கு ஒருமுறை. தண்ணீர் ஓடும்போது குழாய்க்குள் அழுத்தம் இருப்பதால் விரிசல் வழியே நீர் வெளியே கசியும். விநியோகம் நின்றதும் அழுத்தம் இறங்கி, அதே விரிசல் வழியே வெளியில் தேங்கிய நீர் உள்ளே புகும். சாக்கடையை ஒட்டியோ அதற்குள்ளேயோ குழாய் போகிற தெருக்களில் புகுவது சாக்கடை நீர்தான். மறுநாள் திறந்ததும் முதலில் கலங்கலாகவும் நாற்றத்தோடும் தண்ணீர் வருவதற்குக் காரணம் இதுவே. இதோடு தெருக்குழாய் இணைப்பில் நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சும் வழக்கமும் சேர்ந்துகொள்கிறது. ஒரு வீட்டு மோட்டார் உறிஞ்சும்போது அந்த வரிசைக் குழாய் முழுவதிலும் அழுத்தம் விழுகிறது. அடுத்த வீட்டுக்குத் தண்ணீர் ஏறாமல் போவது ஒரு கேடு, சாக்கடையைக் குழாய்க்குள் இழுத்துவிடுவது அதைவிடப் பெரிய கேடு. விதிப்படி இது குற்றம். மோட்டாரைப் போட்டுக்கொண்டே அதிகாரியைத் திட்டுகிற தெருவின் மனுவுக்குப் பலம் இருக்காது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அடுத்தது மேல்நிலைத் தொட்டி. ஊராட்சித் தொட்டிகளை மாதம் இருமுறை கழுவ வேண்டும். கழுவிய தேதியும் அடுத்துக் கழுவ வேண்டிய தேதியும் தொட்டியின் தூணில் எழுதப்பட்டிருக்க வேண்டும். உங்கள் ஊர்த் தொட்டியடியில் போய் நின்று பாருங்கள். தேதி எழுதும் கட்டம் காலியாக இருந்தாலோ, போன வருடத்துத் தேதி இருந்தாலோ போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தொட்டி சுத்தமாக இருந்தால் மட்டும் போதாது. குளோரின் கலந்திருக்க வேண்டும், அதுவும் தொட்டியில் அல்ல, கடைசி வீட்டுக் குழாயில் தெரிய வேண்டும். இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் எஞ்சியிருக்கும் குளோரின் குறைந்தது லிட்டருக்கு 0.2 மில்லிகிராம். சுகாதார ஆய்வாளரிடம் குளோரோஸ்கோப் என்ற சின்னப் பெட்டி இருக்கும். கண்ணாடிக் குழலில் குழாய்நீரைப் பிடித்து மருந்து சில சொட்டு விட்டால் குளோரின் இருக்கும் தண்ணீர் மஞ்சளாகும். பெட்டியிலுள்ள நிற அளவோடு ஒப்பிட்டு எவ்வளவு என்று சொல்லிவிடலாம். நிறமே மாறாவிட்டால் அந்தத் தண்ணீருக்குக் காவல் இல்லை என்று பொருள். சில நிமிட வேலைதான். எங்கள் தெருவின் கடைசிக் குழாயில் செய்து காட்டுங்கள் என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

தண்ணீரைப் பார்ப்பதற்கு முன் ஆளைப் பார்க்க வேண்டும். வயிற்றுப்போக்கில் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் உடலிலிருந்து போகும் நீரும் உப்பும். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் துணை சுகாதார நிலையத்திலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இலவசம். ஒரு லிட்டர் பொட்டலத்தை ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில்தான் கரைக்க வேண்டும். டம்ளர் டம்ளராகப் பிரித்துக் கலக்கக் கூடாது. பொட்டலம் கிடைக்கும்வரை ஒரு லிட்டர் நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. சிறு குழந்தைகளுக்கு இதோடு துத்தநாக மாத்திரை 14 நாள் தரச் சொல்வார்கள். பேதி நின்றுவிட்டது என்று நடுவில் நிறுத்தக் கூடாது. தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்குப் பாலை நிறுத்தவே கூடாது. கண் குழிவிழுந்தாலோ, சிறுநீர் போகாமல் இருந்தாலோ, குழந்தை துவண்டு கிடந்தாலோ, மலத்தில் ரத்தம் கண்டாலோ காத்திருக்காதீர்கள், 108-ஐ அழையுங்கள். அவசர நிலையில் வந்தவருக்குச் சிகிச்சை மறுப்பது உயிர் வாழும் உரிமையை மீறுவது என்று 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. மேற்கு வங்கத்தில் ரயிலிலிருந்து விழுந்து அடிபட்ட ஒரு விவசாயத் தொழிலாளியை அரசு மருத்துவமனைகள் படுக்கை இல்லை, வசதி இல்லை என்று ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்பி அனுப்பிய வழக்கு அது. பணம் இல்லை என்று அரசு சொல்லித் தப்ப முடியாது என்பதும் அதே தீர்ப்பில் உண்டு.

இனி, கணக்கில் ஏறுவது. ஆளுக்கொரு தனியார் கிளினிக்கில் காட்டிவிட்டு வந்தால் ஒரு தெருவே படுத்தாலும் அரசின் நோய்க் கண்காணிப்பில் அது விழாமல் போகலாம். ஒரே தெருவில் இரண்டு மூன்று வீட்டில் பேதி என்று தெரிந்த அன்றே கிராம சுகாதார செவிலியரிடமோ, மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வருகிற தன்னார்வலரிடமோ சொல்லுங்கள். நகரமென்றால் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம். யாரும் கிடைக்காவிட்டால் 104-ஐ அழையுங்கள். கூடவே ஒரு நோட்டில் எழுதுங்கள்: எந்த வீடு, எத்தனை பேர், என்ன வயது, எந்த நாளில் தொடங்கியது, தண்ணீர் எங்கே பிடித்தார்கள். கல்லூரிக்குப் போகிற பிள்ளை ஒரு மாலையில் முடித்துவிடுகிற வேலை. விசாரிக்க வரும் மருத்துவருக்கு இதைவிட உதவியான காகிதம் வேறில்லை.

தண்ணீர் மாதிரி எடுப்பதில்தான் பெரும்பாலும் தவறு நடக்கிறது. காலியான மினரல் வாட்டர் பாட்டிலில் பிடித்துக்கொண்டு ஓடுவார்கள். கிருமி ஆய்வுக்கு அது செல்லாது. பாட்டிலிலேயே கிருமி இருந்திருக்கலாம் என்று தள்ளிவிடுவார்கள். ஆய்வகம் தருகிற கிருமி நீக்கிய புட்டியில்தான் எடுக்க வேண்டும், பனிக்கட்டியில் வைத்து 24 மணி நேரத்துக்குள் சேர்க்க வேண்டும். ஆகவே மாதிரியைச் சுகாதார ஆய்வாளரை எடுக்கச் சொல்வதே நல்லது. எடுத்த இடம், தேதி, நேரம் ஆகியவற்றை உங்கள் நோட்டிலும் குறித்துக்கொள்ளுங்கள். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகங்களில் பொதுமக்களும் கட்டணம் செலுத்தி ஆய்வு செய்துகொள்ளலாம். 2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்குக் களப்பரிசோதனைப் பெட்டியில் பயிற்சி தர வேண்டும் என்று இருக்கிறது. உங்கள் ஊரில் அந்த ஐந்து பேர் யார், பெட்டி எங்கே பூட்டிக் கிடக்கிறது என்று கேளுங்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் பட்டியல் சமூக மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்ட கொடுமை வெளியே வந்தது எப்படி? குழந்தைகள் நோயில் விழ, தண்ணீரைப் பாருங்கள் என்று மருத்துவர்கள் சொல்ல, ஊர்க்காரர்கள் தொட்டி மேல் ஏறிப் பார்த்தார்கள். சந்தேகம் வந்த உடனே பார்த்ததால் அது தெரிந்தது.

சட்டம் நம் பக்கம்தான் இருக்கிறது. இந்தியாவிலேயே முதன்முதலாகப் பொதுச் சுகாதாரத்துக்கென்று சட்டம் இயற்றியது பழைய சென்னை மாகாணம். 1939-ஆம் ஆண்டின் அந்தச் சட்டம் இன்றும் தமிழ்நாடு பொது சுகாதாரச் சட்டம் என்ற பெயரில் நடப்பில் இருக்கிறது. மக்களுக்குப் போதிய குடிநீர் வழங்குவது உள்ளாட்சியின் கடமை என்று அது சொல்கிறது. மாசற்ற நீரும் காற்றும் உயிர் வாழும் உரிமையில் அடங்கும் என்று 1991-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

இந்தக் கடமையை நிறைவேற்ற வைக்கிற இடம் கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் காலம் முடிந்து தனி அலுவலர் பொறுப்பில் உள்ள ஊராட்சியிலும் கூடியாக வேண்டும். 500 பேர் வரை உள்ள ஊராட்சியில் 50 பேரும், 10,000 பேருக்கு மேல் என்றால் 300 பேரும் வந்தால்தான் கூட்டம் செல்லும். இந்தக் கணக்குக்காகவே நூறு நாள் வேலைக்கு வந்த பெண்களை உட்கார வைத்து, தீர்மானம் எழுதாத வெற்றுப் பக்கத்தில் கையெழுத்து வாங்குகிற வழக்கம் பல ஊர்களில் இருக்கிறது. அதுதான் கிராம சபைக்கு நேர்ந்த மிகப் பெரிய அவமானம். "தீர்மானத்தை எழுதிப் படிச்சுக் காட்டுங்க, அப்புறம் கையெழுத்துப் போடறோம்" என்று இரண்டு பெண்கள் எழுந்து சொன்னால் போதும், கூட்டத்தின் போக்கே மாறும். தீர்மானம் எப்படி இருக்க வேண்டும் என்பதும் முக்கியம். "சுகாதாரமான குடிநீர் வழங்க வேண்டும்" என்று எழுதினால் யாருக்கும் பொறுப்பில்லை. "இன்ன தெருவில் சாக்கடைக்குள் போகும் குடிநீர்க் குழாயை இத்தனை மீட்டருக்கு மாற்றிப் போட வேண்டும், தொட்டி கழுவிய தேதியும் குளோரின் அளவும் ஊராட்சிப் பலகையில் எழுதப்பட வேண்டும்" என்று இருக்கட்டும். கிராம சுகாதாரக் குழுவுக்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய் வரை வரும் நிதி எதற்குச் செலவானது என்று கேட்கவும் அதுவே இடம். நகரவாசிகளுக்கும் 2022 நவம்பர் 1 முதல் பகுதி சபை இருக்கிறது. நம் நகரங்களில் அதை அறிந்தவர்கள் மிகக் குறைவு.

நகரத்தில் இன்னொரு தடையும் உண்டு. தண்ணீர் கெட்டால் வசதி உள்ள வீடு 20 லிட்டர் கேனுக்கு மாறிவிடுகிறது. எழுதப் படிக்கத் தெரிந்த, அலுவலகத்தில் பேசத் தெரிந்த வீடு விலகிக்கொள்கிறது. குழாயை நம்பியிருப்பவர்கள் தனித்து விடப்படுகிறார்கள். கேன் வாங்கும் வீட்டிலும் பல் துலக்குவதும் காய்கறி கழுவுவதும் பாத்திரம் தேய்ப்பதும் அந்தக் குழாய்த் தண்ணீரில்தான்.

எழுதிக் கொடுத்தும் நடக்காவிட்டால்? திங்கட்கிழமை மாவட்ட ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்து ரசீது வாங்குங்கள், 1100-ஐ அழைத்தும் பதியலாம். பிறகு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தில் கேளுங்கள்: கடந்த ஆறு மாதத்தில் தொட்டி கழுவிய தேதிகள், வாங்கிய பிளீச்சிங் பவுடரின் அளவு, தண்ணீர் ஆய்வு முடிவுகளின் நகல். 30 நாளில் பதில் வர வேண்டும். உயிர் தொடர்பானது என்றால் 48 மணி நேரத்தில். இதற்கும் அசையாவிட்டால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். குடிநீர், துப்புரவு, மருத்துவமனைச் சேவை ஆகிய மூன்றும் நிரந்தர மக்கள் நீதிமன்றத்தின் வரம்புக்குள் வருகின்றன. நீதிமன்றக் கட்டணம் இல்லை. 15100-ஐ அழைத்தால் வழி சொல்வார்கள்.

பொதுத்தொல்லையை அகற்ற உத்தரவிடும் அதிகாரம் கோட்டாட்சியருக்கு உண்டு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-ஆம் பிரிவு, 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தில் 152-ஆம் பிரிவு. மத்தியப் பிரதேசத்தின் ரத்லாம் நகரில் ஒரு வார்டின் மக்கள் திறந்த சாக்கடையின் நாற்றம் தாங்காமல் இந்தப் பிரிவின் கீழ்தான் மாஜிஸ்திரேட்டிடம் போனார்கள். வடிகால் கட்டச் சொல்லி உத்தரவு வந்தது. பணம் இல்லை என்று நகராட்சி உச்ச நீதிமன்றம் வரை மேல்முறையீடு செய்தது. 1980-இல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அமர்வு அந்த வாதத்தைத் தள்ளியது: நிதி இல்லை என்பது உள்ளாட்சி தன் அடிப்படைக் கடமையைச் செய்யாமல் இருக்கக் காரணம் ஆகாது. அந்த வழக்கின் தொடக்கம் தெருக்காரர்கள் சேர்ந்து கொடுத்த ஒரு மனு.

அடுத்த கிராம சபைக்கு முன் ஒருநாள் காலையில் உங்கள் தெருவில் குழாய் போகும் வழியை நடந்து பாருங்கள். சாக்கடையைக் கடக்கிற இடங்களைப் படமெடுங்கள், தொட்டித் தூணில் எழுதியிருக்கும் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள், பத்து வீட்டுக் கையெழுத்தோடு மனுவை எழுதுங்கள். கூட்டத்துக்குப் போகும்போது பக்கத்து வீட்டாரையும் அழைத்துக்கொண்டு போங்கள்.