சிற்றறையும் அகன்ற லென்ஸும்

வெளிமாநிலங்களில் வாழும் நம் குடும்பங்களில், ஊரிலிருந்து பெரியோர் வந்து தங்கும் நாட்கள் சிலவே. அந்நாட்களில் எடுத்த படங்களே பிற்காலத்தில் பேரப் பிள்ளைகளுக்குப் பாட்டன் பாட்டியின் முகத்தை நினைவூட்டுகின்றன. ஆயினும் மும்பையிலும் தில்லியிலும் நம்மிற் பலருக்கு வாய்த்த இல்லங்கள் சிறியன. கொலுவின் முன் அனைவரையும் அமர்த்திவிட்டுப் பின்வாங்கினால் முதுகு சுவரில் முட்டுகின்றது. ஓரத்தில் அமர்ந்த அத்தையோ படத்துக்குள் வருவதில்லை. மிரர்லெஸ் எனப்படும் ஆடியற்ற சிறு காமிரா வைத்திருப்போர் அகன்ற பார்வையுள்ள பிரைம் லென்ஸை நாடுவது இதன் பொருட்டேயாகும்.

பிரைம் லென்ஸ் என்பது ஒரே குவியத்தூரம் உடையது. காட்சியை நெருக்கவோ விலக்கவோ அதனால் இயலாது. நாமே நடந்துதான் இடம் மாற வேண்டும். அதற்கு ஈடாக அது ஒளியை மிகுதியாக உள்ளே விடுகின்றது. காமிராவோடு வரும் 14–42 மி.மீ. ஜூம் லென்ஸின் மிகப் பெரிய திறப்பு எஃப் 3.5 ஆக இருப்பது வழக்கம். எஃப் 1.8 திறப்புடைய பிரைம் அதனினும் ஏறத்தாழ நான்கு மடங்கு ஒளியைத் தரும். நொடியில் 15-இல் ஒரு பங்கு தேவைப்பட்ட இடத்தில் 60-இல் ஒரு பங்கு போதுமானதாகும். மாலை விளக்கொளியில் மடிக் குழந்தை தலையசைத்தாலும் முகம் கலங்கும் அச்சம் பெரிதும் குறையும்.

இனி, எத்தனை மில்லிமீட்டர் லென்ஸை வாங்குவது? விலைப்பட்டியலைக் காணுமுன் அறையை அளத்தல் நன்று. ஒலிம்பஸும் பானாசோனிக்கும் 2008-இல் அறிவித்த மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் முறையை எடுத்துக்கொள்வோம். அதில் படம் பதியும் உணரியின் அகலம் 17.3 மி.மீ. காமிராவுக்கும் அமர்ந்தோருக்கும் இடையிலுள்ள தூரத்தை 17.3 ஆல் பெருக்கி, லென்ஸின் குவியத்தூரத்தால் வகுத்தால், படத்தில் அடங்கும் அகலம் கிடைக்கும்.

பத்தடி அறையில் இடைத்தூரம் 8 அடி எனக் கொள்வோம். 25 மி.மீ. லென்ஸில் ஐந்தரை அடியும், 17-இல் எட்டடிக்குச் சற்று மேலும், 14-இல் ஏறத்தாழ பத்தடியும், 12-இல் பதினொன்றரை அடியும் அடங்கும். ஒருவருக்கு இரண்டடி வீதம் எட்டடியில் நால்வர் இருக்கலாம். இரு வரிசையாயின் எண்மர்.

அவ்வாறாயின் 12 மி.மீ. லென்ஸே சிறந்ததன்றோ எனத் தோன்றும். அதற்கு ஒரு தடையுண்டு. பார்வை அகல அகல, ஓரத்திலுள்ள முகங்கள் பக்கவாட்டில் இழுபட்டுத் தோன்றும். அன்றியும், இன்றைய கைப்பேசிகள் பலவற்றின் முதன்மைக் காமிரா ஏறத்தாழ அந்த அகலத்தையே காட்டுகின்றது. கையிலிருப்பதை மீண்டும் விலை கொடுத்து வாங்குவானேன்? வீட்டு மாந்தரைப் படமெடுப்போருக்கு 17 மி.மீ. லென்ஸே ஏற்றதென்பது நம் கருத்து. ஏபிஎஸ்-சி வகை உணரியுடைய காமிராவாயின் 23 மி.மீ. இதற்கு நிகராகும். அறை மேலும் குறுகியதாயினும், சுற்றம் பெரிதாயினும் 14-ஐ நாடலாம். கோயில் மண்டபங்களையும் கோபுரங்களையும் அடிக்கடி எடுப்போருக்கு 12 பயன்படும்.

பணம் செலவிடுமுன் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். ஜூம் லென்ஸை 17-இல் நிறுத்தி, அதன் வளையம் நகராதபடி காகித நாடா ஒட்டி, ஒரு வாரம் வீட்டிலேயே படமெடுங்கள். அடுத்த வாரம் 14-இல் வைத்துப் பாருங்கள். எந்த அகலம் நம் இல்லத்துக்குப் பொருந்துமென்பது அப்போது விளங்கிவிடும்.

எந்த லென்ஸாயினும் முதியோரை நடுவில் அமர்த்துங்கள். ஓரத்தில் சிறிது இடம் விடுங்கள். சுவர்கள் சாயாதிருக்கக் காமிராவை மட்டமாகப் பிடியுங்கள். காமிராவைச் சுவரலமாரியில் வைத்துத் தாமத விசையை இயக்கினால் ஓரடித் தூரம் கூடுதலாகக் கிடைக்கும். எப்போதும் படமெடுத்துவிட்டுத் தாம் படத்தில் இல்லாமற்போகும் அந்த ஒருவருக்கும் அதனால் ஓர் இடம் கிடைக்கும்.